மரம் சிவந்தால்தான் பட்டி தைப்பார்

முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு, சினார் மரத்தின் வேர் மேல் குந்தி, செம்புக் கெண்டியைச் சாய்த்துத் தொழுகைக்கு ஒளுச் செய்துகொண்டிருக்கிறார் தையல்காரர் அஹத் ஜூ. கை, வாய், மூக்கு, முகம் என்று முறை தப்பாமல் கழுவுகிறவர், தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஒரு வாய்த் தண்ணீர் வேரைத் தாண்டிக் கல்லில் விழுந்துவிட்டால் போதும், முகம் சுருங்கிவிடுகிறது. குந்தியபடியே இரண்டு அடி நகர்ந்து சரியாக உட்கார்ந்துகொள்கிறார்.

பள்ளிவாசல் நூறு அடி தூரத்தில் இருக்கிறது. அங்கே ஹமாம் அறையில் வெந்நீர் காத்திருக்கிறது. நவம்பர் மாதத்துக் குளிரில் மொகல்லாவில் குடியிருக்கிற எல்லோரும் அங்கே போய்ச் சுகமாகக் கை நனைக்க, இவர் மட்டும் ஐந்து வேளையும் பச்சைத் தண்ணீரில் நடுங்குகிறார். ஏழு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம் அது. அதற்கு ஒரு கெண்டித் தண்ணீர்! யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றால் சோளப்பொரிக்கே கோபம் வரும்.

மதிலுக்கு வெளியே போகிற நபி மாஸ்டர் நின்று எட்டிப் பார்ப்பார். "என்ன அஹத் ஜூ, மரத்துக்கு ஒளு ஆச்சா? தொழுகைக்கு நான் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"நீங்க முப்பது வருஷமா பசங்க தலையில அறிவை ஊத்தினீங்களே மாஸ்டர், எதாவது துளிர்த்துச்சா? உங்களை நாங்க கேட்டோமா?" என்பார் அஹத் ஜூ, காதுமடலைத் துடைத்துக்கொண்டே.

வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் நிற்கிறது மரம். ஒரு பக்கம் தெருவை ஒட்டின அறைதான் கடை. அதன் ஜன்னலோரம் தையல் மெஷின். மெஷினில் உட்கார்ந்து தலையைத் தூக்கினால் நேர் எதிரே தாழ்ந்து நீண்ட ஒரு கொம்பு தெரியும். மறுபக்கம் வீடு. அந்தப் பக்கத்துக் கொம்புகள் அடுக்களை ஜன்னலைப் பார்த்தபடி இருக்கும். அவருடைய மனைவி தாஜா அங்கே உட்கார்ந்துதான் கீரை ஆய்வதும் அரிசி பொறுக்குவதும்.

மனிதர் தைப்பது பெரும்பாலும் ஃபெரன்தான். கழுத்திலிருந்து முழங்கால் வரை தொளதொளவென்று தொங்கும் கம்பளி அங்கி. அதற்குள் கையையும் இழுத்துக்கொண்டு, கரி கனலும் காங்ரிச் சட்டியையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டால் பனிக்காலம் முழுவதையும் ஓட்டிவிடலாம். எல்லாத் தையல்காரரும் தைக்கிற அதே ஃபெரன்தான். ஆனால் கம்பளி உறுத்தாமல் இருக்கக் கழுத்துக்கும் கைவாய்க்கும் உள்ளே வைக்கிற பட்டி மட்டும் அஹத் ஜூவிடம் வேறு மாதிரி. வெளியே தெரியாத அந்த இரண்டு விரல் அகலத் துணிக்கு என்ன நிறம் என்பதை வாடிக்கையாளர் சொல்ல முடியாது. மரம் சொல்ல வேண்டும்.

இலையுதிர் காலத்தில் சினார் உச்சத்தில் சிவந்து நிற்கும் நாளில், அவர் ஒரே ஒரு இலையைப் பறித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு ஜவுளிக்கடைக்குப் போவார். கடையிலுள்ள அத்தனை துணிக் கட்டையும் பிரிக்கச் சொல்லி, இலையைப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்ப்பார். ஜவுளிக்கடைக்காரர் அன்றைக்கு வேறு வியாபாரம் நடக்காது என்று தெரிந்து தேநீருக்குச் சொல்லிவிடுவார். அப்படித் தேர்ந்தெடுத்த நிறம்தான் அந்த வருஷத்து ஃபெரன்கள் எல்லாவற்றுக்கும் உள்பட்டி. வெள்ளம் வந்த வருஷம் மஞ்சள். மகள் ரூஹிக்குக் கல்யாணம் நடந்த வருஷம் மாதுளைத் தோலின் சிவப்பு. இது என் ஃபெரன், அது உன்னுடையது என்று அண்ணன் தம்பிக்குள் தகராறு வந்தால், கழுத்தைப் புரட்டிப் பட்டியைப் பார்த்துப் பஞ்சாயத்தை முடித்துவிடுவார்கள் இந்த மொகல்லாவில்.

இந்த வருஷம்தான் வம்பு வந்தது. போன குளிர்காலத்தில் பனி பெயருக்கு விழுந்தது. ஜூலையிலிருந்து மழை இல்லை. ஜீலம் நதியில் படகுகள் சேற்றில் குந்திக்கொண்டிருக்கின்றன. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மணி நேரம் தண்ணீர். ஆற்றில் நீர் இல்லாததால் மின்சாரமும் வந்த வேகத்தில் போய்விடுகிறது. ஆகஸ்டிலேயே சினார் இலைகளின் ஓரம் கருகி, சுட்ட ரொட்டியின் விளிம்பு மாதிரி ஆயிற்று. அக்டோபர் போய் நவம்பரும் பாதி ஆகிவிட்டது. மற்ற வருஷங்களில் இந்நேரம் தீப்பிடித்ததுபோல நிற்கிற மரம், இந்த வருஷம் பச்சையுமில்லாமல் சிவப்புமில்லாமல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறது.

கடையில் இருபத்தேழு ஃபெரன்கள் ஆணியில் தொங்குகின்றன. எல்லாம் முடிந்துவிட்டன, பட்டி மட்டும் பாக்கி. நபி மாஸ்டருக்குக் குளிர் தாங்கவில்லை. பட்டி இல்லாததையே வாங்கிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய், அன்று மாலையே திரும்பி வந்தார்.

"பாருங்கய்யா என் கழுத்தை. ஆட்டை அறுத்த மாதிரி இருக்கு. ஏதாவது ஒரு துணி வெச்சுத் தையுங்களேன்! பழுப்பா இருந்தா என்ன, உள்ளதானே இருக்கப்போவுது? யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் மாஸ்டர்."

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல புதுசா ஒருத்தன் மூணு நாள்ல குடுத்துடறானாம்."

"போங்க. ஆனா அவன் கடை வாசல்ல என்ன மரம் இருக்குன்னு பாத்துட்டுப் போங்க."

அங்கே மின்கம்பம்தான் இருந்தது. ஆனாலும் ஐந்து பேர் ஃபெரனைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று ராத்திரி அஹத் ஜூ சோற்றைப் பாதியில் வைத்துவிட்டார். வியாபாரம் போவதில் மனிதருக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நாற்பது வருஷம் சாதித்துவிட்டவர், திடீரென்று நான்காவது காலை எங்கே போய்ப் பார்ப்பார்?

மழை வேண்டி ஊரே ஈத்கா மைதானத்தில் கூடித் தொழுதது. அஹத் ஜூவும் போனார். எல்லோரும் கையேந்தி அழுதுகொண்டிருக்க, இவர் மட்டும் கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற ரொட்டிக்கடை ரமஸானின் காதில் அது விழுந்துவிட்டது. மறுநாள் காலை தந்தூர் அடுப்பு முன்னால் நின்ற அத்தனை பேருக்கும் அவர் சொல்லிச் சிரித்தார்: "யா அல்லா, மழையைக் குடு, ஆனா மரம் சிவந்த பிறகு குடு, காத்து இல்லாம குடுன்னு கேக்குறாரய்யா! துணிக்கு அளவு சொல்ற மாதிரி!"

அடுத்த கட்சி தாஜாவுடையது. சினார் இலையைக் கூட்டி, எரித்து, பாதி எரியும்போதே தண்ணீர் தெளித்து அணைத்தால் கிடைக்கிற கரிதான் காங்ரிக்கு உயிர். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் இலை விழ விழக் கூட்டி மூட்டை கட்டிவிடுவாள். தாஜாவின் வீட்டில் மட்டும் அது நடக்காது. கடைசி இலை விழுந்து, அது தரையில் கிடக்கிற அழகையும் மூன்று நாள் பார்த்த பிறகுதான் துடைப்பத்துக்கு அனுமதி. மழை முந்திக்கொண்டால் இலை ஊறிப்போகும்; ஊறிய இலையில் கரி வராது, புகைதான் வரும். இத்தனை வருஷம் எப்படியோ தப்பித்தாள். இந்த வருஷம் அப்படி விட முடியாது. ரூஹி தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். டிசம்பர் கடைசியில், நாற்பது நாள் கடுங்குளிர் தொடங்குகிற நேரத்தில் குழந்தை பிறக்கும். மின்சாரத்தை நம்பிப் பச்சைக் குழந்தையை வைத்திருக்க முடியாது.

"ரூஹி வாப்பா, கேக்குறேன். பேரப்பிள்ளைக்குக் குளிரெடுத்தா அது மேல உங்க செகப்பையா போத்துவீங்க?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு தாஜா."

"எந்த வெள்ளிக்கிழமை? போன வெள்ளியும் வெள்ளிதான், அதுக்கு முந்தின வெள்ளியும் வெள்ளிதான். உங்களுக்கு இந்த மரத்தைக் கட்டி வெச்சுட்டு என்னைப் பக்கத்து வீட்டுல குடி வெச்சிருக்கலாம்ல எங்க மாமியா?"

"உனக்கு ரசனையே இல்ல."

"இல்லதான். என் ஜன்னல்ல பாருங்க, காஞ்ச குச்சி தெரியுது. ரசிச்சுக்கிட்டே வெங்காயம் உரிக்கிறேன்."

உண்மைதான். அடுக்களைப் பக்கத்துக் கொம்புகள் செப்டம்பரிலேயே பாதி மொட்டையாகிவிட்டன. ஆனால் கடைப்பக்கத்தில், அஹத் ஜூ ஒளுச் செய்கிற வேரடியில் மண் எப்போதும் ஈரமாக இருந்தது. வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டு அதை அமுக்கிப் பார்க்கச் சொல்வார். "தொடுங்க, தொட்டுப் பாருங்க. ஐவேளைத் தொழுகையோட ஈரம்!" ஒரு நாள் அந்தச் சேற்றில் நாலைந்து அரிசி கிடந்தது. குருவிகள் எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டிருக்கின்றன என்று அதையும் மரத்தின் பெருமையில் சேர்த்துக்கொண்டார்.

நவம்பர் மூன்றாவது வாரம், கடை ஜன்னலுக்கு எதிரே நீண்ட அந்தத் தாழ்ந்த கொம்பு சிவந்தது.

முதலில் நுனியில் ஓர் இலை. அஹத் ஜூ மெஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நான்கு நாளில் கொம்பு முழுவதும் பற்றிக்கொண்டது. மரத்தின் மற்ற பாகமெல்லாம் பழுப்பாகத் தூங்கிக்கொண்டிருக்க, அந்த ஒற்றைக் கொம்பு மட்டும் அடுப்பில் ஊதிவிட்ட தணல் மாதிரி, ஓரத்தில் கருக்கலும் நடுவில் செம்மையுமாக ஜொலித்தது. முழு மரம் சிவந்த வருஷங்களில்கூட இப்படி ஒரு நிறத்தைப் பார்த்ததில்லை என்று நபி மாஸ்டரே ஒப்புக்கொண்டார். அவர் அவ்வளவு லேசில் எதையும் ஒப்புக்கொள்கிறவர் அல்ல.

மனிதரைப் பிடிக்க முடியவில்லை. ஜவுளிக்கடையில் காலை பத்து மணிக்குப் போனவர் மூன்று மணிக்கு ஒரு கட்டுத் துணியோடு வந்தார். இருபத்திரண்டு ஃபெரன்களுக்கும் பட்டி விழுந்தது. போன ஐந்து பேரில் மூன்று பேர் அசட்டுச் சிரிப்போடு திரும்பி வந்தார்கள். காலையில் ரொட்டிக்கடைக்குப் போனால் அரை மணியில் திரும்புகிறவர் இப்போது முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

"சிரிச்சீங்களேப்பா! கெண்டித் தண்ணியாம், கிண்டித் தண்ணியாம்! ஹமாம்ல வெந்நீர் பூசிக்கிட்டவங்களுக்கு எங்க தெரியும்? எங்க நான் குந்தினேன், எங்க செவந்திருக்கு, நீங்களே பாருங்க. அந்தப் பக்கம் ஏன் செவக்கல? அங்க நான் உக்காரல!"

"அப்ப கொஞ்சம் அங்கயும் உக்காந்திருக்கலாமே" என்றார் ரமஸான், தந்தூருக்குள் ரொட்டியை அறைந்துகொண்டே.

"ஒரு மனுசன் எத்தனை பக்கம்தான் குந்துவான்?"

இவ்வளவு ஆன பிறகாவது துடைப்பத்துக்கு அனுமதி கிடைத்ததா? இல்லை. இப்போதுதானே சிவந்திருக்கிறது, இனி இந்தச் சிவப்பு விழ வேண்டும், விழுந்ததைப் பார்க்க வேண்டும் என்று அவர் புதிய வெள்ளிக்கிழமை ஒன்றைச் சொன்னார். மேற்கு மலைப்பக்கம் மேகம் மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. எல்லோருக்கும் முகம் மலர, தாஜா மட்டும் தரையில் கிடந்த காய்ந்த இலையைக் கவலையோடு பார்த்தாள். மூட்டை கட்டுகிற சாக்குகளை உதறி மடித்து அடுக்களை மூலையில் வைத்துக்கொண்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். தாஜா வாயை மூடிக்கொண்டால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

மறுநாள் காலை அஹத் ஜூ ரொட்டிக்குப் போனபோது கடை பூட்டியிருந்தது. தந்தூர் விரிசல் விட்டுவிட்டதாம். ரமஸான் களிமண் தேடிப் போயிருந்தார். சொல்வதற்குக் கைவசம் நிறைய வைத்துக்கொண்டு, கேட்பதற்கு ஆளில்லாமல் அவர் ஐந்தே நிமிஷத்தில் திரும்பினார். வாசற்கதவைத் திறக்கப் போனவர் உள்ளே பேச்சுக் குரல் கேட்டு நின்றார்.

கதவிடுக்கில் பார்த்தால், மரத்தடியில் தாஜா. இடுப்பில் ஓர் அலுமினியத் தவலை. அதிலிருந்து அரிசி கழுவின வெள்ளைத் தண்ணீர், அவர் குந்துகிற அதே வேரடியில், சளசளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு வாளி, கீரை அலசின தண்ணீர் போலிருக்கிறது, பச்சையாக இருந்தது. மதில் மேல் சாய்ந்தபடி பக்கத்து வீட்டு முக்தா பேசிக்கொண்டிருந்தாள். அவள் தாஜாவுக்கு ஒன்றுவிட்ட நாத்தனார்.

"மே மாசத்துலேர்ந்து தினமும் தூக்குறியே மதினி, இடுப்பு என்னத்துக்கு ஆகும்? அவர்கிட்ட சொல்லவேண்டியதுதானே? அந்த மனுசன் ஊர் பூரா தன் கெண்டி கெண்டின்னு தம்பட்டம் அடிக்கிறாரு."

"அடிச்சிட்டுப் போறாரு. எனக்கு வேண்டியது கரி. இலை நல்லாப் பிடிச்சாத்தானே கரி நிக்கும்?"

"கரிக்குன்னா உன் அடுக்களைப் பக்கம் ஊத்துறதுதானே? ரெண்டடில இருக்கு. இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்து இந்தக் கொம்புக்கே ஊத்துற?"

தாஜா தவலையைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை உதறினாள். "அவர் மெஷின்ல உக்காந்தா அந்தக் கொம்புதானே தெரியும்? வருஷம் பூரா கழுத்தைக் குனிஞ்சே கெடக்குற மனுசன். தலையத் தூக்குறப்ப மொட்டைக் குச்சியையா பார்ப்பாரு?"

அஹத் ஜூ கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார். வந்த வழியே திரும்பி நடந்து, பூட்டிய ரொட்டிக்கடைப் படியில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் அளவெடுத்த மனிதருக்குத் தன் வீட்டிலேயே ஓர் அளவு தப்பிவிட்டது. வெட்கமாக இருந்தது. அதை விடக் கொஞ்சம் அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. வழக்கமான முக்கால் மணி நேரம் முடியும் வரை அவர் அங்கேயே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ரொட்டி இல்லை என்று மட்டும் சொன்னார். பிறகு அடுக்களை மூலைக்குப் போய்த் துடைப்பத்தை எடுத்தார். தாஜா அவரையும் துடைப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு உங்களுக்கு? இன்னிக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லையே."

"வானத்தைப் பாத்தியா? மேகம் இறங்கிடுச்சு. பேரப்பிள்ளைக்குக் கரி வேணாமா? சாக்கை எடு."

அவர் கூட்டிய லட்சணத்தைச் சொல்லி முடியாது. கத்தரி பிடித்த கைக்குத் துடைப்பம் பழக்கமில்லை. இவர் முன்னால் தள்ளிய இலை பின்னால் வந்து நின்றது. மதில் மேல் முக்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நபி மாஸ்டர் தெருவில் நின்று, "அல்லா! மழை நிச்சயம்!" என்று கத்திவிட்டு, மனம் கேளாமல் உள்ளே வந்து சாக்கைப் பிடித்துக்கொண்டார். சிவந்த கொம்பின் அடிக்கு வந்தபோது அஹத் ஜூவின் கை ஒரு நிமிஷம் தயங்கியது. பிறகு அங்கே உதிர்ந்திருந்த சிவப்பையும் கூட்டினார். உச்சி வேளைக்குள் பதினெட்டு மூட்டைகள் ஈரம் படாமல் விறகுக் கொட்டகைக்குள் ஏறிவிட்டன.

தொழுகைக்கான பாங்கு ஒலித்தபோது முதல் தூறல் விழுந்தது. தெருவில் யாரோ "மழை! மழை!" என்று கூவினார்கள், தகரக் கூரைகள் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்தன. அஹத் ஜூ கெண்டியை நிரப்பிக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.

"மழையே வந்துடுச்சு, இன்னும் என்னய்யா கெண்டி?" என்றார் நபி மாஸ்டர், ஃபெரனைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு ஓடியபடி.

அஹத் ஜூ வழக்கமான வேரைத் தாண்டி நடந்தார். மரத்தைப் பாதி சுற்றி, அடுக்களை ஜன்னலுக்கு நேரே, மொட்டைக் கொம்பின் கீழே போய்க் குந்தினார். உள்ளே டர்னிப் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த தாஜாவின் கத்தி நின்றது. அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. தொப்பி மேல் மழை விழ விழச் சட்டையை முழங்கை வரை சுருட்டி, கை, வாய், மூக்கு, முகம் என்று முறை தப்பாமல் கழுவி முடித்துவிட்டு, கெண்டியில் மிச்சமிருந்த தண்ணீரைக் காய்ந்த வேரடியில் ஒரு சொட்டுகூடக் கல்லில் சிந்தாமல் ஊற்றினார்.